ஒரு சாப்டருக்கு அரை மணி நேரம்

போன ஐப்பசியில் ஒரு நாள் திண்டிவனத்தில் இறங்க வேண்டிய நான் ஒலக்கூரில் போய் இறங்கினேன். இருபத்திரண்டு வருடமாக விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. வீடு திண்டிவனத்தில். காலையில் போவதும் சாயங்காலம் வருவதும் பாசஞ்சர் ரயிலில்தான். தூங்கிக்கொண்டு வந்தாலும் மயிலம் தாண்டியதும் கால் தானாகச் செருப்பைத் தேடும். அன்று நான் தூங்கவில்லை. கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தேன். போனில் ஒருத்தி பழைய பட்டுப்புடவையை வெட்டித் தலையணை உறை தைத்தாள். அவளைத் தள்ளினால் ஒருவன் கேப்பை மாவில் கேக் செய்தான். அவனையும் தள்ளினால் ஒரு குரங்கு பல் தேய்த்தது. அதற்குள் திண்டிவனம் வந்து, ரயில் நின்று, ஆட்கள் இறங்கி ஏறி, ரயில் கிளம்பியும் விட்டிருக்கிறது. தலையணை உறை எனக்கு வேண்டாம், கேக்கை எங்கள் வீட்டில் யாரும் தின்ன மாட்டார்கள், குரங்குக்கும் எனக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. ஆனாலும் மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு ஸ்டேஷனையே விழுங்கிவிட்டார்கள்.

ஒலக்கூரில் மழை தூறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குச் சொல்லலாம் என்று எடுத்தால், போன் கடைசி மூச்சில் இருந்தது. நம்பரைத் தொட்டதும் அணைந்துவிட்டது. ஆட்டோ பிடித்துக் கூட்டுரோட்டுக்கு வந்து பஸ்சுக்காக முக்கால் மணி நேரம் நின்றேன். அந்த முக்கால் மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. செத்த போன் என்று தெரிந்தும் நாலைந்து முறை பையைத் திறந்து அதை எடுத்துப் பார்த்தேன். எதிரே கட்டியிருந்த காதுகுத்து பேனரில் தாய்மாமன்கள் பெயரையெல்லாம் படித்தேன். டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை எத்தனை நேரம்தான் பார்ப்பது? ஐம்பதை நெருங்கும் ஒரு பொம்பளையால் முக்கால் மணி நேரம் தன்னோடு தானே நிற்க முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஒன்றரை மணி நேரம் தாமதம். ஈரப் புடவையோடு ஹாலில் நின்றேன். வயர்மேனாக இருக்கும் என் வீட்டுக்காரர் டிவியில் கிரிக்கெட்டையும் கையில் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போனைப் பிடித்திருந்தாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான்.

"நான் எங்க போனேன், என்னா ஆனேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டீங்களா?"

"டிரெய்ன் லேட்டுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார் அவர்.

மகள் கண்ணைத் தூக்காமலே கேட்டாள். "குரூப்ல போட்டேனே, பாத்தியாம்மா?"

"என்னாத்தப் போட்ட?"

"போஸ்டிங் வந்துடுச்சும்மா. நாக்பூரு. பொங்கல் முடிஞ்சி ஜாய்ன் பண்ணணும்."

எங்கள் மூன்று பேருக்கும் ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. அதில்தான் போட்டிருக்கிறாள். பக்கத்து அறையில் இருந்த அப்பனுக்கும் அதில்தான் தகவல். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றைப் பதிலுக்குப் போட்டிருந்தார். நான் குரங்கு பல் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

நாலாவது முயற்சியில் தேறிய வங்கித் தேர்வு. சொந்தக்காரர்கள் எல்லாம் என்னைத்தான் பாராட்டினார்கள். புள்ளையைக் கட்டுப்பாடாக வளர்த்தாள், நினைத்ததைச் சாதித்தாள் என்றார்கள். நானும் பூரித்துத்தான் போனேன். ஆனால் அன்று ராத்திரி சோறு போடும்போது ஒன்று உறைத்தது. இன்னும் மூன்று மாதத்தில் இவள் போய்விடுவாள். கடைசியாக இவளோடு நான் உட்கார்ந்து பேசியது எப்போது என்று யோசித்தேன். ஞாபகத்துக்கு வரவில்லை. சாப்பிட்டியா, துணி எடுத்தியா, ரீசார்ஜ் பண்ணியா. இதற்கு மேல் எங்களுக்குள் ஒன்றும் இல்லை. இந்த மூன்று மாதத்தில் என் மகளை எப்படியாவது என் பக்கம் திருப்பிவிட வேண்டும் என்று நினைத்தேன். போனைக் கீழே வைக்காமல் அது நடக்காது. முதலில் வைக்க வேண்டியவள் நான்.

வைத்துவிட்டுக் கைக்கு என்ன கொடுப்பது? புத்தகம் என்று தோன்றியது. அலுவலகத்தில் எல்லோருக்கும் அறிவுரை சொல்லும் ஒரு சூப்பிரண்ட் இருந்தார், படிங்கம்மா, படிங்கம்மா என்பார். அவர் படித்து நான் பார்த்ததில்லை. ஊருக்குத்தானே உபதேசம்.

உண்மையைச் சொன்னால் அதுவரை நான் ஒரு கதைப் புத்தகம்கூட முழுதாகப் படித்தவள் இல்லை. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கிக் கூலி வாங்கியவர்கள். எங்கள் தெருவில் அரசாங்க வேலைக்குப் போன முதல் பெண் நான். என்னைத் தூக்கிவிட்டது புத்தகம்தான், ஆனால் கைடு. பொது அறிவு, நடப்பு நிகழ்வுகள், ஐந்து வருட வினா விடை. எங்கள் பக்கத்தில் ஒருவன் 'படிக்கிறான்' என்றால் பரீட்சைக்குப் படிக்கிறான் என்றுதான் அர்த்தம். கதை படித்தால் அதற்குப் பெயர் படிப்பு இல்லை. 'கதை புக்கு பாத்துக்கினு கெடக்கான்' என்பார்கள். வேடிக்கை பார்ப்பது மாதிரி, சினிமா பார்ப்பது மாதிரி, கதை புக்கையும் பார்ப்பதுதான். எனக்கும் அந்த வித்தியாசம் ரத்தத்தில் ஊறியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். உள்ளே உட்கார இடமில்லை. வாலிபப் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் படிக்கிறார்களே என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். எட்டிப் பார்த்தால் எல்லாம் கைடு. நூலகர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"புள்ளைக்குங்களா மேடம்? குரூப் டூவா, ஃபோரா? கொஸ்டின் பேங்க்கெல்லாம் இந்தாண்ட வந்துடுச்சு."

"எனக்குத்தான் சார். எக்ஸாமுக்கு இல்ல. சும்மா படிக்க."

"சும்மாவா?" என்றார்.

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்று பிடிபடவில்லை. பிறகு எழுந்து, அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை நகர்த்தி, பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினார். ஒட்டடையைத் தட்டிவிட்டுக் கைக்கு வந்த ஒரு நாவலை எடுத்துக்கொண்டேன். கனமாக இல்லை, எழுத்து பெரிதாக இருந்தது. எடுத்ததற்கு வேறு காரணம் இல்லை.

திங்கட்கிழமை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். தினமும் கூட வருகிற பெண்கள் நாலு பேர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"என்னாக்கா, டிபார்ட்மெண்ட் டெஸ்ட்டா? சொல்லவே இல்ல? எங்களுக்குத் தெரியாம பிரமோஷன் வாங்கிக்கினு போகலாம்னு பாக்குறியா?"

"கதை புக்குடி."

"கதை புக்குக்கா பென்சில் வெச்சிக்கினு உக்காந்துருக்க?"

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். பென்சில் இருந்தது. இருபது பக்கம் தாண்டியிருந்தேன், இருபதிலும் அடிக்கோடு போட்டிருந்தேன். ஊர்ப் பெயர், ஆள் பெயர், யாருக்கு யார் மச்சான், கல்யாணம் எந்த மாதம். ஓரத்தில் ஒன்று, இரண்டு என்று நம்பர் வேறு. ஓர் அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிக் கண்ணையும் மூடி, பெரியவருக்கு எத்தனை பிள்ளைகள், மூத்தவன் பெயர் என்ன என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். பதினெட்டாம் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை காய்ச்சலில் செத்துப்போகிறது. நான் காய்ச்சல் என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டிருந்தேன். சாவுக்குக் காரணம் என்ன என்று கேட்டால் எழுத வேண்டுமே! அந்தப் பெற்றவள் என்ன ஆனாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நூலகப் புத்தகம், அழிக்க வேண்டும். அழிரப்பர் வாங்கி இரண்டு நாள் ரயிலில் அழித்துக்கொண்டே வந்தேன். அப்புறம் பென்சிலை அலுவலக மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். பென்சில் இல்லாமல் கை பரபரத்தது. ஒரு வாக்கியம் படித்ததும் போன் எடுக்கத் தோன்றும். எடுப்பேன், வைப்பேன். இப்படியே கார்த்திகையும் பிறந்தது. ஒரு நாள் சாயங்காலம் பேரணி ஸ்டேஷன் தாண்டியதும் அந்தத் தாய் செத்த குழந்தையின் சட்டையைத் துவைத்துக் கொடியில் காயப்போடுகிற இடம் வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை அந்தக் கதையில். துவைத்துக் காயப்போட்டுவிட்டு உள்ளே போகிறாள், அவ்வளவுதான். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். என்ன மார்க்குக்கு இந்த அழுகை? எந்தப் பரீட்சையில் இதைக் கேட்பார்கள்? பக்கத்துச் சீட்டுக்காரி "என்னாக்கா, ஊட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று பதறிப் போனாள்.

சந்தோஷமாக இருந்தது. அழுதுகொண்டே சந்தோஷமாக இருப்பது எனக்குப் புதிது. இறங்கி நடக்கும்போது இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. வேறு யாரிடம், என் மகளிடம்தான். வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஆரம்பித்தேன். "இரும்மா, இது முடிஞ்சிடட்டும்" என்றாள். அது முடிந்ததும் தானாக அடுத்தது ஓடியது. அதுவும் முடியட்டும் என்று நின்றேன். சாம்பார் வாசனை மாறியதும் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

எனக்குக் கோபம் வந்தால் சட்டம் போடுவேன், அது என் சுபாவம். மறுநாளே சட்டம் போட்டேன். ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரை வீட்டில் டிவி கிடையாது. எல்லோருடைய போனும் சமையலறை ஹாட்பாக்ஸில் போய்விட வேண்டும். மூடி போட்டால் மணி அடித்தாலும் கேட்காது. மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்து ஆளுக்கொரு புத்தகம் படிக்க வேண்டும். புத்தகம் நான் கொண்டு வருவேன். வீட்டுக்காரர் டியூட்டி போன் என்று சொல்லி இரண்டாம் நாளே தப்பித்துக்கொண்டார். மூன்றாம் நாள் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விட்டார். அவர் போகட்டும். எனக்கு வேண்டியது அவள். அவள் உட்கார்ந்தாள். முரண்டு பிடிக்கவில்லை. நான் கொடுத்த நாவலை மடியில் பிரித்து வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்துக்கு நேராகப் பார்த்து உட்கார்ந்தாள். ஒன்பது அடித்ததும் ஹாட்பாக்ஸ் மூடி திறக்கும் சத்தம் கேட்கும்.

நாலைந்து நாள் நானும் பொறுத்தேன். என் புத்தகத்துக்கு மேலாக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தாள் திரும்பவில்லை.

"என்னாடி, ஒரே பக்கத்துலயே நிக்கிற?"

"படிச்சிக்கினுதான் இருக்கேன்."

"படிக்கிற மூஞ்சியா இது? அப்படி என்னாத்தடி வெச்சிருக்கான் போன்ல? ஒரு கதை புக்கு படிச்சா கொறஞ்சா பூடுவ?"

அவள் புத்தகத்தை மூடினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், தீர்ந்திருக்கும்.

"கதை புக்கு படிக்கச் சொல்றியா? நீயா சொல்ற?" என்றாள். "ஏழாவது படிக்கும்போது சோசியல் புக்குக்கு உள்ள ஒரு கதை புக்க வெச்சிக்கினு படிச்சேனே. ஞாபகம் இருக்கா உனுக்கு?"

இருந்தது. நன்றாகவே இருந்தது. ஆனால் நான் அதை வேறு விதமாக ஞாபகம் வைத்திருந்தேன். பிள்ளை வளர்ப்பது எப்படி என்று அலுவலகத்தில் பேச்சு வந்தால் இதைத்தான் எடுத்துச் சொல்வேன், பெருமையாக.

பள்ளிக்கூட லைப்ரரியிலிருந்து வாரம் ஒரு கதைப் புத்தகம் கொண்டு வருவாள் அப்போது. காலாண்டுத் தேர்வில் கணக்கில் அறுபத்தொன்று வாங்கினாள். அந்த வாரம்தான் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்தவளைக் கையும் களவுமாகப் பிடித்தேன். புத்தகத்தைப் பிடுங்கினேன். மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றபடியே, அத்தனை பிள்ளைகள் காதிலும் விழுகிற மாதிரி கேட்டேன்: "படிக்கிற புள்ளைக்கு எதுக்கு டீச்சர் கதை புக்கு குடுக்குறீங்க?" அந்த டீச்சர் பாவம், வயதில் சின்னவர். "இனிமே குடுக்கல மேடம்" என்று சொல்லி, நோட்டை எடுத்து என் மகள் பெயரை அடித்தார். அவள் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் முழுக்க அழுதாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. அப்போதுதான் நான் முதல் டச் போன் வாங்கியிருந்தேன். அழுகையை நிறுத்த அதை எடுத்துக் கையில் கொடுத்தேன். கொடுத்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. இதையே ஒரு முறையாக்கினால் என்ன? ஒரு சாப்டர் தப்பில்லாமல் ஒப்பித்தால் அரை மணி நேரம் போன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம் அதுதான். அரையாண்டில் கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கினாள். என் முறை ஜெயித்துவிட்டது. பத்தாவது, பன்னிரண்டாவது, காலேஜ், வங்கித் தேர்வு வரைக்கும் அந்த முறைதான் அவளை இழுத்துக்கொண்டு போனது.

"நீதாம்மா சொல்லிக்குடுத்த" என்றாள். "படிக்கிறது வேலை. போனு கூலி. பதினோரு வருசம் வேலை செஞ்சேன். நீ சொன்ன வேலைய முடிச்சிட்டேன். இப்போதான் நிம்மதியா கூலிய வாங்கிக்கினு இருக்கேன். நான் கெளம்ப இன்னும் ரெண்டு மாசங்கூட இல்ல. அதுக்குள்ள மறுபடியும் ஒரு வேலைய குடுக்குற."

கூலி என்ற சொல் என்னைச் சுட்டது. அந்தச் சொல் என் பிள்ளையின் வாயில் வரக் கூடாது என்றுதானே நான் அத்தனையும் செய்தேன்? வந்துவிட்டது. நானே ஊட்டிவிட்டிருக்கிறேன்.

குறட்டை நின்றிருந்தது. செய்தித்தாளை முகத்திலிருந்து எடுக்காமலே அவர் சொன்னார்: "வுடு. புள்ள ஊருக்குப் போற நேரத்துல எதுக்கு இந்த பேஜாரு?"

நானே எழுந்து போய் ஹாட்பாக்ஸைத் திறந்து அவள் போனைக் கொண்டுவந்து கொடுத்தேன். மணி எட்டே முக்கால்கூட ஆகவில்லை. "தாங்க்ஸ்மா" என்றாள். அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் தேவலை.

இரண்டு நாள் ரயிலில் புத்தகத்தைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளுக்குத் தலை பின்னும்போது கேட்டேன்.

"அந்த புக்கு பேரு என்னா பாப்பா?"

"எந்த புக்கு?"

"நான் புடுங்குனது."

"அதெல்லாம் ஞாபகம் இல்லம்மா."

"கதையாச்சும் சொல்லேன்."

"ஒரு பொண்ணு தூர்ந்துபோன கெணத்துல எறங்கும். உள்ள ஒரு கதவு இருக்கும். கதவுக்கு அந்தாண்ட என்னா இருந்துச்சுன்னு தெரியல. அதுக்குள்ளதான் நீ வந்துட்டியே."

ஒரு பக்கம் தாண்டியிருந்தால் தெரிந்திருக்கும். நான் ஒரு பத்து நிமிஷம் தாமதமாக வீட்டுக்கு வந்திருக்கலாம். இல்லாவிட்டால் படித்து முடித்துவிட்டுக் கொடுடி என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை.

அந்தப் புத்தகத்தைத் தேடினேன். நூலகத்துச் சிறுவர் பகுதியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். விழுப்புரத்தில் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு கடைகளில் கேட்டேன். "கெணத்துக்குள்ள கதவு இருக்குற கதைங்க" என்று நான் சொன்னால், "ரைட்டர் பேரு என்னாங்க?" என்பார்கள். அவள் படித்த பள்ளிக்கூடத்துக்கும் போனேன். அந்த டீச்சர் மாற்றலாகிப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டதாம். லைப்ரரி இருந்த அறையில் இப்போது கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். புத்தகம் கிடைக்கவில்லை. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். அதற்குப் பதிலாகச் சிறுவர் கதைப் புத்தகம் நாலு வாங்கிக்கொண்டு போய் அவள் கட்டிலில் வைத்தேன்.

அவள் சிரித்துவிட்டாள். "எனுக்கு இருவத்திமூணு வயசும்மா."

"பாக்கலாமேன்னு வாங்கினேன்."

"படிச்சாலும் ஒண்ணும் ஆவலம்மா. ஒரு பக்கம் முடிச்சதும் அடுத்து என்னா குடுப்பாங்கன்னு தேடுது மனசு." அவள் அதை ஏதோ கண்ணில் பவர் ஏறியிருக்கிறது என்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நான் அந்த நாலையும் எடுத்துப் பீரோவில் வைத்தேன்.

பொங்கல் வந்தது, போனது. சென்னைக்குப் போய் ரயில் ஏற்றிவிட்டோம். அதற்கு முதல் நாள் பெட்டி அடுக்கும்போது, ரயிலில் என்னை அழவைத்த அந்த நாவலைச் சொந்தமாக ஒன்று வாங்கித் துணிக்கு நடுவே வைத்திருந்தேன். அவள் அதை வெளியே எடுத்தாள். "வெயிட்டும்மா. வேணும்னா போன்லயே கெடைக்கும்" என்று பதமாகத்தான் சொன்னாள். அந்த இடத்தில் என் கண்ணெதிரே வங்கி ஊழியர்களுக்கான அடுத்த தேர்வுக்குரிய கைடு உட்கார்ந்தது. அது இதைவிட இரண்டு மடங்கு கனம்.

இப்போது வீட்டில் நானும் அவரும்தான். நான் படிக்கிறேன். பழக்கம் பிடித்துவிட்டது, பென்சில் இல்லாமல் படிக்க வந்துவிட்டது. யாருக்காக ஆரம்பித்தேனோ அவள் இல்லாத வீட்டில், எனக்குப் படிக்க வந்துவிட்டது. ரயிலில் கூட வருபவர்கள் கேலி செய்வதையும் விட்டுவிட்டார்கள். ஆனால் எட்டு மணி ஆனால் போனை ஹாட்பாக்ஸில் போட முடியவில்லை. அவள் கூப்பிடுவது அந்த நேரத்தில்தான். மடியில் புத்தகம், பக்கத்தில் போன், காது முழுக்கப் போனில்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தாள். இளைத்திருந்தாள். அங்கே சப்பாத்திதானாம். சாப்பிட்டியா, துணி எடுத்தியா எல்லாம் கேட்டு முடித்தேன். வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தபோது, "இப்போ என்னா கதைம்மா படிச்சிக்கினு இருக்க? சொல்லேன்" என்றாள்.

என் வயிறு குளிர்ந்துபோனது. அவளாகக் கேட்டாள். நான் கேட்கவைக்கவில்லை, சட்டம் போடவில்லை. போனைச் சொம்பில் சாய்த்து நிற்க வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். ஓர் ஊமைப் பெண், அவள் வளர்க்கும் எருமை, அதைத் திருடிக்கொண்டு போகும் சொந்த அண்ணன். கை காலையெல்லாம் ஆட்டிச் சொன்னேன். கதை சொன்னால் கேட்பவர் 'ம்' கொட்ட வேண்டும். அவளும் கொட்டினாள். ம்... ம்... எனக்கு உற்சாகம் கூடிப்போனது. ஊமைப் பெண் சந்தையில் எருமையைக் கண்டுபிடிக்கிற இடத்தில் என் மகள் முகம் எப்படி மாறுகிறது பார்க்கலாம் என்று திரையை உற்றுப் பார்த்தேன்.

அவள் கண் என் மேல் இல்லை. கீழே பார்த்திருந்தது. அவளிடம் இன்னொரு போன் உண்டு, அலுவலகத்துக்கென்று வாங்கியது. அவள் தோள் லேசாக, சீராக அசைந்தது. கட்டைவிரல் மேலே தள்ளினால் அப்படித்தான் அசையும், எனக்குத் தெரியாதா? முகத்தில் வெளிச்சம் மாறி மாறி விழுந்தது. நான் நிறுத்தினேன். நிறுத்திய பிறகும், "ம்" என்றாள்.

திட்டலாம். முன்பென்றால் திட்டியிருப்பேன். அவள் கெட்ட பிள்ளை இல்லை. அம்மா தனியாக இருக்கிறாளே, கதை சொன்னால் அவளுக்குப் பிடிக்குமே என்று கேட்டிருக்கிறாள். வேலை முடிந்து வந்தவள், ஒரு கையால் எனக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு இன்னொரு கையால் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறாள்.

நான் மீதிக் கதையையும் சொன்னேன். எருமை ஊமைப் பெண்ணை அடையாளம் கண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு வருவதை, அண்ணன் கூட்டத்துக்குள் நழுவிப் போவதை, எருமையும் அவளும் வீடு திரும்புவதை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன்.

"சூப்பர்மா" என்றாள். "எருமை கடைசில செத்துடுச்சா?"

"ஆமாண்டி" என்றேன்.